குற்றம் கையிலா, யந்திரத்திலா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை சங்க ஆபீசுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நூற்பாலையில் ரிங் பிரேம் பார்க்கும் இளந்தோழர் ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்தார். "பெரியப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க, உங்களுக்குத்தான் இது பிடிக்கும்" என்று தன் செல்போனை என் கையில் வைத்தார்.

படத்தில் ஒரு துப்பாக்கி. கலாஷ்னிகோவ் என்று உலகமெல்லாம் பெயர் பெற்ற ஏ.கே. துப்பாக்கி. மேல்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது தெரியும்படி வைத்துச் சுடுகிறார்கள். எவனோ ஒருவன் விரல் விசையை இழுக்கிறது. பிறகு நடந்ததையெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் என் டீ ஆறிப்போய்விட்டது.

முதலில் சுத்தி விழுகிறது. நிதானமாக, ஊரில் பெரியவர் ஒருவர் நாற்காலியில் சாய்வதுபோல விழுகிறது. ஊசியைத் தட்டுகிறது. துப்பாக்கிக் குழல் முழுவதும் மூங்கில் கழிபோல நெளிகிறது. இரும்பு நெளிகிறது, தோழர்களே! குழலின் நுனியில் முதலில் புகை, பிறகு குண்டு, பிறகு தீ. குண்டு போனபிறகுதான் யந்திரம் தன் வேலையைத் தொடங்குகிறது. குழலின் மேல்புறத்தில் உள்ள சின்னத் துவாரம் வழியே வந்த வாயு, பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டனோடு ஒட்டிய கனமான இரும்புக் கட்டை பின்னோக்கி ஓடுகிறது. கொஞ்ச தூரம் சும்மா ஓடியபிறகு, அதில் வெட்டியுள்ள சாய்வான காடி, குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் போல்ட்டைத் திருப்பிப் பூட்டைத் திறக்கிறது. கொக்கி ஒன்று காலித் தோட்டாவின் விளிம்பைப் பிடித்து வெளியே இழுக்கிறது. காலிக்கூடு கரணம் அடித்துக்கொண்டே பறக்கிறது. கட்டை போகிற போக்கில் சுத்தியை மறுபடி மடக்கி வைத்துவிட்டுப் போகிறது. ஸ்பிரிங் சுருங்குகிறது. பிறகு, கவலை இறைக்கும் மாடு சரிவில் இறங்கிப் பின்வாங்கி வருகிற மாதிரி, கட்டை திரும்பி வருகிறது. வரும் வழியில் பெட்டியிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டுபோய்க் குழலுக்குள் செருகுகிறது. போல்ட் திரும்புகிறது. பூட்டிக்கொள்கிறது.

"இதெல்லாம் எவ்வளவு நேரத்தில் நடந்தது?" என்று கேட்டேன்.

இளந்தோழர் சிரித்தார். "நீங்கதான் கணக்குப் போடுங்களேன்."

போட்டேன். இந்தத் துப்பாக்கி விடாமல் சுட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 600 குண்டு என்பது கணக்கு. அப்படியானால் விநாடிக்கு 10. ஒரு குண்டுக்கு வேண்டிய வேலை அத்தனையும் விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. நாம் கொட்டகையில் பார்க்கும் சினிமாவில் விநாடிக்கு 24 படம். அந்தக் காமிராவில் எடுத்தால் இந்த நாடகம் முழுவதும் இரண்டு மூன்று படத்தில் அடங்கிவிடும்; ஒன்றும் தெரியாது. விநாடிக்கு 10,000 படம் எடுக்கும் காமிரா என்றால், அதே பத்தில் ஒரு பங்கு விநாடியில் 1,000 படம் கிடைக்கும். அதை விநாடிக்கு 25 வீதம் ஓடவிட்டால் 40 விநாடி ஆகும். அந்த 1,000 படத்தில் குண்டு குழலுக்குள் ஓடுவது பத்துப் பன்னிரண்டு படம் மட்டுமே. மிச்சம் அத்தனையும் காலியைக் களைந்து, புதியதை ஊட்டி, அடைத்துப் பூட்டும் வேலை. அதாவது, வெளியில் இருப்பவனுக்கு இடி முழக்கம். உள்ளே இருப்பது ஒரு தொழிற்சாலை.

தறியில் முப்பது வருஷம் நின்றவன் நான். எனக்கு அதைப் பார்த்ததும் பிக்கிங் ஸ்டிக்கும் நாடாவும்தான் ஞாபகம் வந்தன. ஒன்று தன் முறையை முடித்த பிறகே அடுத்தது வரவேண்டும். ஒரு இழை முந்தினாலும் கெட்டது, பிந்தினாலும் கெட்டது.

"பாட்டாளி பத்திரிகையில் துப்பாக்கிக்கு என்ன வேலை?" என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். துப்பாக்கியும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. லேத்திலும் மில்லிங் மிஷினிலும் நின்று தொழிலாளி கடைந்து கொடுத்ததுதான். நம் திருச்சியிலேயே 1966 முதல் துப்பாக்கித் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. நம்மவர் கைகள்தான் அங்கே வேலை செய்கின்றன. ஆனால் இன்று நான் எழுத வந்தது துப்பாக்கியின் பெருமையை அல்ல. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒரு யந்திரம் தவறு செய்தால், அந்தத் தவறு யார் தலையில் விழுகிறது என்பதைப் பற்றி எழுத வந்தேன்.

முதலில் இந்தக் காமிராவின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1870-71ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் யுத்தம் நடந்தது. பிரெஞ்சுக்காரர்களின் ஷஸ்போ துப்பாக்கிக் குண்டு பட்ட இடத்தில் உடம்பு குழி குழியாகப் பிய்ந்துபோயிருந்தது. "இவர்கள் வெடிக்கும் குண்டு போடுகிறார்கள், 1868-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள்" என்று குற்றச்சாட்டு எழுந்தது. குண்டு வெடிக்கவில்லை, அது முன்னால் அழுத்திக்கொண்டு போகும் காற்றுதான் காரணம் என்று பெல்ஜிய விஞ்ஞானி மெல்ஸன்ஸ் சொன்னார். பறக்கும் குண்டை யார் கண்ணால் பார்த்தார்கள், எது உண்மை என்று சொல்ல? பிராகா நகரத்தில் இருந்த எர்ன்ஸ்ட் மாக் என்ற விஞ்ஞானி, பார்த்தே தீர்வது என்று இறங்கினார். பியூமே துறைமுகத்தில் கடற்படைப் பள்ளி ஆசிரியராக இருந்த பீட்டர் சால்கெரின் துணையோடு 1886-ல் படம் எடுத்தார். இருட்டறை. குண்டு தான் போகும் வழியிலேயே மின்சுற்றை இணைத்துவிடும். ஒரு பொறி பளிச்சிடும். அந்த ஒரு பொறி வெளிச்சத்தில் ஒரு படம். படத்தில் குண்டும் இருந்தது, குண்டுக்கு முன்னால் படகின் முகப்பில் தண்ணீர் பிளப்பதுபோல் பிளந்து நிற்கும் காற்றலையும் இருந்தது. இன்று ஒலியின் வேகத்தை 'மாக்' என்ற பெயரால் விமானக்காரர்கள் கணக்கிடுகிறார்களே, அது இவர் பெயர்தான். (இதே மாக்கின் தத்துவத்தை லெனின் 1909-ல் ஒரு புத்தகமே எழுதிக் கிழித்துப்போட்டார். தத்துவத்தில் இடறியவர் படத்தில் இடறவில்லை!)

அதற்கு முன்பே 1882-ல் பிரெஞ்சு நாட்டின் மாரே என்ற உடற்கூற்று அறிஞர் துப்பாக்கி வடிவத்திலேயே ஒரு காமிரா செய்தார். தோளில் வைத்துப் பறவையைக் குறிபார்த்து விசையை இழுத்தால் விநாடிக்கு 12 படம் விழும். பறவையும் சாகாது. உலகத்தில் இப்படிப்பட்ட துப்பாக்கிகள் மட்டும் இருந்திருக்கக் கூடாதா!

சினிமாக் காமிராவும் துப்பாக்கியும் ஒரு வகையில் ஒன்றுவிட்ட சகோதரர்கள். பிலிம் ஓர் இடத்தில் நிற்கவேண்டும், படம் விழவேண்டும், பிலிம் நகரவேண்டும், மறுபடி நிற்கவேண்டும். தையல் மிஷின் துணியை நகர்த்துகிற மாதிரிதான். ஆனால் விநாடிக்குச் சில நூறு தடவைக்கு மேல் இப்படி நிறுத்தி நிறுத்தி இழுத்தால் பிலிம் கிழிந்துபோகும். ஆகவே பிலிமை நிறுத்தாமலே ஓடவிட்டு, நடுவில் ஒரு கண்ணாடிப் பட்டகத்தைச் சுழலவிட்டு, பிம்பத்தையும் பிலிமோடு கூடவே ஓடவைத்தார்கள். அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான பாஸ்டாக்ஸ் காமிரா இந்த வகை. அதில் 100 அடி பிலிம் போட்டால் 4,000 படம். அது ஒரு விநாடி நேரம்கூட வராது, அதற்குள் தீர்ந்துபோகும். இப்போது பிலிமே கிடையாது. சாதாரண செல்போனிலேயே விநாடிக்கு 240 படம் எடுக்கலாம். துப்பாக்கிக்கு அது போதாது என்றாலும், தறிக்கு அது நிறைய உதவும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இனி வியட்நாம் கதை.

அமெரிக்க ஏகாதிபத்தியம் வியட்நாமில் தன் சிப்பாய்கள் கையில் எம்-16 என்ற துப்பாக்கியைக் கொடுத்து இறக்கியது. எடை குறைவு, குண்டு சிறிது, ஆகவே நிறையக் குண்டு சுமக்கலாம். இதைத் துடைக்கவே வேண்டியதில்லை என்றுகூடச் சிப்பாய்களிடையே ஒரு பேச்சு உலவியது. துடைக்கும் சாமான்களும் முதலில் போதிய அளவு கொடுக்கப்படவில்லை. காட்டிலே, சண்டை நடுவிலே, இந்தத் துப்பாக்கி அடைத்துக்கொண்டது. சுட்ட தோட்டாவின் கூடு அறைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கொக்கி அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பும். சிப்பாய் என்ன செய்வான்? குழலின் முன்வாய் வழியாகத் துடைக்கும் கம்பியை விட்டுக் குத்தி அந்தக் கூட்டைத் தள்ளவேண்டும். எதிரே சண்டை நடக்கிறது! பிரித்த துப்பாக்கியும் கம்பியுமாகச் செத்துக் கிடந்தவர்களைப் பற்றி உயிரோடு இருந்தவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதினார்கள்.

அதிகாரிகள் என்ன சொன்னார்கள்? துப்பாக்கி நல்லதுதான், சிப்பாய் ஒழுங்காகத் துடைக்கவில்லை என்றார்கள்.

கடிதங்கள் பெற்றோர் கையிலிருந்து காங்கிரஸ் உறுப்பினர்கள் கைக்குப் போயின. 1967-ல் இகார்ட் என்ற உறுப்பினர் தலைமையில் ஒரு துணைக்கமிட்டி விசாரித்தது. விஷயம் வெளிவந்தது. துப்பாக்கியை ஒரு வகை வெடிமருந்துக்கு என்று அமைத்திருந்தார்கள். பிறகு ராணுவம் தோட்டாவில் வேறு வகை மருந்தைப் போட அனுமதித்தது. புது மருந்தில், துவாரத்துக்கு வரும் வாயுவின் அழுத்தம் கூடிவிட்டது. துப்பாக்கியின் ஓட்டம் நிமிஷத்துக்கு 850 குண்டு என்ற வரம்பைத் தாண்டியது. புகைக்கரியும் அதிகம் படிந்தது.

மேலே நான் சொன்ன படத்தை இப்போது மனத்தில் ஓட்டிப் பாருங்கள். குண்டு வெடித்தவுடன் தோட்டாக் கூடு உப்பி, அறையின் சுவரோடு அப்பிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கினால்தான் அது கொஞ்சம் சுருங்கி இளகும். கொக்கி அதன்பிறகு இழுக்கவேண்டும். கட்டை முன்கூட்டியே ஓடிவந்துவிட்டால்? கூடு இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கொக்கி இழுக்கும். விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த அவசரம்! அறையின் உட்புறத்துக்கு அப்போது குரோமியப் பூச்சும் கிடையாது. மழைக்காட்டில் துருப்பிடித்துச் சொரசொரப்பானது. கலாஷ்னிகோவின் தோட்டாவோ நன்றாகக் கூம்பிய வடிவம். கொஞ்சம் அசைந்தாலே சுவரைவிட்டு விலகிவிடும். கட்டையும் கனம், இடைவெளிகளும் தாராளம். மண் விழுந்தாலும் ஓடும்.

ராணுவ அதிகாரிகளின் அசட்டை கிரிமினல் குற்றத்தின் எல்லையைத் தொடுகிறது என்ற பொருள்பட அந்தக் கமிட்டி 1967 அக்டோபரில் அறிக்கை கொடுத்தது. இதைச் சொன்னது மாஸ்கோ அல்ல. அமெரிக்கக் காங்கிரசின் கமிட்டி.

வியட்நாம் விவசாயிகளின் மார்புக்கு நேரே நீட்டிய துப்பாக்கி அது. அது அடைத்துக்கொண்டதற்கு நான் அழப்போவதில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கட்டாயச் சேர்ப்பில் பிடித்து அனுப்பப்பட்டவர்களில் ஏராளமானவர்கள் அந்த நாட்டுத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். மருந்தை மாற்றியவன் மேஜைக்குப் பின்னால் இருந்தான். பழி, துப்பாக்கி பிடித்த கைமீது விழுந்தது.

இந்த வாசகத்தை நான் இதற்கு முன்பே கேட்டிருக்கிறேன்.

நான் தறியில் நின்ற காலத்தில், ஒரு மில்லில் (பெயர் வேண்டாம்) என் பக்கத்துத் தறிக்காரர் கண்ணில் நாடா பாய்ந்தது. நிமிஷத்துக்கு 180 தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டு ஓடும் நாடா. முனையில் இரும்பு. அது பாதையை விட்டு எகிறினால் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. விசாரணை நடந்தது. அறுந்த பாவு இழையைக் கவனிக்காமல் தறியை ஓட்டினான் என்றார் மேலதிகாரி. பிக்கர் தேய்ந்துபோயிருந்தது, மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றார் கட்டுப்போட்ட கண்ணோடு நின்ற தோழர். "நீ பார்த்தாயா?" என்று என்னைக் கேட்டார்கள். நான் என்னத்தைப் பார்த்தேன்? சத்தம் கேட்டது, திரும்பினேன், ரத்தம். நாடா எப்படி எகிறியது என்பதைப் பார்க்க மனிதனுக்குக் கண் இல்லையே! "தொழிலாளியின் கவனக்குறைவு" என்று எழுதி மூடினார்கள். மறுநாள் அந்தத் தறியில் புது பிக்கர் மாட்டியிருந்தது.

அந்த ஒரு நிமிஷத்தின் படம் மட்டும் இருந்திருந்தால்!

கிராமத்துத் தோழர்களுக்கும் இது தெரியும். கதிரடிக்கும் மிஷினில் கை போனவர்களைப் பாருங்கள். கட்டைத் தள்ளும் வாய்க்கு நீளமான காவல் தகடு இருந்ததா, இல்லையா என்று யார் கேட்கிறார்கள்? "குடித்துவிட்டுக் கையை விட்டான்" என்று ஊரே சொல்லிவிடுகிறது, குடிக்காதவனையும் சேர்த்து.

காமிரா தொழிற்சாலைக்குள் வரவே இல்லையா என்றால், வந்தது. நூறு வருஷத்துக்கு முன்பே வந்தது. ஆனால் யந்திரத்தைப் பார்க்க வரவில்லை. 1912-13 வாக்கில் அமெரிக்காவில் பிராங்க் கில்பிரத் என்ற நிபுணர், பின்னல் யந்திரம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்களைப் படமெடுத்தார். படத்துக்குள்ளேயே நிமிஷத்தைப் பல பங்காகக் காட்டும் கடிகாரம் ஒன்றை வைத்தார். விரலில் சின்ன விளக்கைக் கட்டி, கை போகும் வழியை வெளிச்சக் கோடாகப் பிடித்தார். தொழிலாளியின் அலுப்பைக் குறைக்கத்தான் என்று அவர் சொன்னார். கொஞ்சம் குறைத்தும் இருக்கலாம். மிச்சமான விநாடிகள் யார் பையில் போயின? அதே காலத்தில், 1914-ல், டெய்லர் முறையைப் பற்றி லெனின் எழுதிய கட்டுரையில், வேலையை முடுக்கிவிடுவதற்குச் சினிமாவைப் பயன்படுத்துவதைக் குறிப்பிட்டிருக்கிறார்.

மறுபக்கமும் உண்டு, மறைக்கக்கூடாது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் ஹரால்டு எட்ஜர்டன் என்பவர் 1931 வாக்கில் மின்னல்போல விட்டுவிட்டு எரியும் விளக்கைச் செம்மைப்படுத்தினார். சுழலும் மோட்டாருக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கத்தான் செய்தார். அந்த வழியில் வந்ததுதான் நம் நூற்பாலைகளில் ஸ்பிண்டில் வேகம் பார்க்கும் ஸ்ட்ரோபோஸ்கோப் விளக்கு. ஸ்பிண்டிலின் சுற்றும் விளக்கின் துடிப்பும் ஒத்துப்போனால், 18,000 சுற்று ஓடும் கதிர் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். (நிற்கிறது என்று நினைத்து விரல் வைக்காதீர்கள், புதிதாகச் சேர்ந்த தோழர்களே.) இதே எட்ஜர்டன்தான் 1964-ல் ஆப்பிள் பழத்தைக் குண்டு துளைத்துச் செல்லும் புகழ்பெற்ற படத்தையும் எடுத்தார். இவர் செய்த இன்னொரு காமிரா, அணுகுண்டு வெடித்த முதல் கணத்தின் தீப்பந்தைப் பிடித்தது. கருவி ஒன்றுதான். எதன்மேல் திருப்புவது என்பதை அவரவர் பணமும் அதிகாரமும் முடிவு செய்தன.

இன்று இந்தத் துப்பாக்கிப் படங்களைக் கோடிக்கணக்கானோர் வேடிக்கையாகப் பார்க்கிறார்கள். தர்ப்பூசணி வெடிக்கிறது, கண்ணாடி சிதறுகிறது, ஆஹா என்கிறார்கள். குண்டு போய் நிற்கும் இடத்தில் எப்போதும் பழம்தான் இருக்கிறது. தூத்துக்குடியில் 2018 மே மாதம் 13 பேரைச் சாய்த்த குண்டுகளுக்கு முன்னால் பழம் இருக்கவில்லை. அங்கேயும் கூட்டத்தின் மீதுதான் முதலில் பழி சொன்னார்கள். போலீஸ் வண்டியின் மேல் ஏறி நின்று குறிபார்த்த காட்சியைக் காமிரா பிடித்துவிட்டது. விசாரணைக் கமிஷனின் அறிக்கை 2022-ல் சட்டசபையில் வைக்கப்பட்டபோது, சுட்டது நியாயமில்லை என்று அதில் இருந்தது.

ஆகவே படத்தின் சாட்சியம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இன்னும் வேண்டும் என்கிறேன். விபத்து நடந்த யந்திரத்தை, அதைப் பழுதுபார்த்து மறைப்பதற்கு முன்னால், சங்கப் பிரதிநிதியின் முன்னிலையில் ஓட்டி, மெதுவாக ஓடும் படமாக எடுக்கவேண்டும். பாக்டரி இன்ஸ்பெக்டரின் அறிக்கையோடு அந்தப் படமும் இருக்கவேண்டும். நஷ்டஈட்டு வழக்கில் தொழிலாளியின் வக்கீல் கேட்டால் அதைக் கொடுக்கவேண்டும். இதற்குப் பெரிய செலவு என்று சொல்ல இனி முடியாது. லட்சக்கணக்கில் விலைபோகும் காமிரா தேவையில்லை. பிக்கர் தேய்ந்து நாடா தள்ளாடுவதையோ, பெல்ட் நழுவுவதையோ, காவல் தகடு அதிர்ந்து திறப்பதையோ காட்ட விநாடிக்கு 240 படமே போதும். ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் தறி, ரிங் பிரேம், கதிரடிக்கும் மிஷின் இவற்றின் மெதுப்படங்களைக் காட்டிப் பாடம் நடத்தலாம். துப்பாக்கியின் வயிற்றுக்குள் நடப்பதை அறிந்த இளைஞன், தான் எட்டு மணி நேரம் நிற்கும் மிஷினின் வயிற்றுக்குள் நடப்பதை அறியாமல் இருக்கிறான்!

இதை நான் அந்த இளந்தோழரிடமே சொன்னேன். "உன் போனில்தான் 240 படம் எடுக்கலாமே. உன் சைடில் அடிக்கடி நூல் அறுகிறது, தப்பெல்லாம் உன் பேரில் எழுதுகிறார்கள் என்று போன வாரம் சொன்னாயே. ஒரு நாள் அந்த ஸ்பிண்டிலைப் படம் பிடித்துக் காட்டேன்."

"எப்படி பெரியப்பா? போனை கேட்டில் வாங்கி வச்சுக்கிட்டுத்தானே உள்ளே விடறாங்க."

"உள்ளே காமிராவே கிடையாதா?"

"இருக்கே. எங்க டிபார்ட்மெண்டுல மட்டும் ஆறு. எல்லாம் எங்களைப் பார்த்துத்தான் மாட்டியிருக்கு."